புடைத்த பை

2003. பர்மாவின் யாங்கோன் நகரம், லான்மடாவ் பகுதி. பேங்க் மூழ்கப்போகிறது என்று வதந்தி. பணம் எடுக்க நின்ற வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது. கடைசி ஆளாக ஃபஹீமா. உள்ளே கிடப்பது மகளின் கல்யாணப் பணம்.

அவள் கணவர், ஜவுளிக்கடை பர்கத்துல்லா, புடைத்த பையோடு வந்தார். "பணம் போடணும், வழி விடுங்க."

காவலாளி உடனே உள்ளே விட்டான்.

"பாயே போடுறாரா? அப்ப பேங்க் நல்லாத்தான் இருக்கு!" கூட்டம் கலைந்தது.

ஃபஹீமாவுக்குத்தான் விளங்கவில்லை. 'நம்ம பணம் மொத்தமும் உள்ளேதானே இருக்கு? இவருக்கு ஏது இவ்வளவு?'

வெளியே வந்தபோதும் பை புடைத்தே இருந்தது.

"மச்சான், போடலையா?"

திறந்து காட்டினார். அத்தனையும் பழைய பேப்பர்.

"வரிசையில இப்ப நீதான் முதல் ஆளு. போய் எடுத்துட்டு வா."