ஒயரில் மாட்டிய செருப்பு

“ஐயோ அண்ணே! பிளக்கைப் பிடுங்கிட்டீங்களே!”

நாக்யோங் அலறினாள். திரை இருண்டது. இச்சோனிலிருந்து வந்திருந்த சிப் கம்பெனிக்காரர்கள் மூவரும் காபிக் கோப்பையும் கையுமாக நின்றார்கள்.

“செருப்பு ஒயர்ல மாட்டிக்கிச்சு,” என்றான் சீனியர் உங்சான்.

பேராசிரியர் பியோன் பல்லைக் கடித்தார். “ஆறு வருஷமா இதே லேப்ல நடக்கறே. இன்னிக்குத்தான் கால் தடுக்குச்சா?”

அந்தக் கம்பெனியின் சிப்புகள், தாமே கணக்குப் போடும் நினைவகச் சிப்புகள். எந்த எண் எந்தச் சிப்பில் கிடக்கிறது என்று நிரல் எழுதுகிறவர் தேட வேண்டாம்; இயங்குதளமே தேடி, அந்த இடத்திலேயே கணக்கை முடித்துவிடும். அதற்கான நிரலை நாக்யோங் எழுதியிருந்தாள். இன்று ஓட்டிக் காட்டினால்தான் பட்டம்.

வந்தவர்களுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. வியாழக்கிழமை வருவதாகச் சொல்லி, தங்கள் எண்கள் இருந்த பென் டிரைவை மட்டும் விட்டுப் போனார்கள். பேராசிரியர் வழியனுப்பப் போனார்.

“உங்க கட்டுரை திரும்பி வந்ததுல வயித்தெரிச்சல். காலைலேருந்து என் பின்னாடியே சுத்துனது இதுக்குத்தானா?” என்று உங்சானிடம் சீறினாள் நாக்யோங்.

உங்சான் ஒயரைச் சுருட்டி ஓரமாக வைத்தான். “அவங்க எண்ணைப் போட்டுப் பாரு,” என்று வெளியே போனான்.

பிளக்கைச் செருகி, கணினியைக் கிளப்பிப் போட்டாள். விடையெல்லாம் பூஜ்யம்.

வழக்கமான தன் எண்களைப் போட்டாள். அதுவும் பூஜ்யம்.

மெல்லப் புரிந்தது. புது எண்கள் பிராசஸரிடமே தங்கிவிடுகின்றன. சிப்புக்கு உடனே இறங்குவதில்லை. சிப்புகள் இத்தனை நாளும் கூட்டியது, எப்போதோ இறங்கிக் கிடந்த பழைய எண்களை. தினமும் அதே எண்களையே அவள் கொடுத்ததால் விடை சரியாக வந்தது. மின்சாரம் போனதும் பழையதெல்லாம் அழிந்துவிட்டது.

வராந்தாவுக்கு ஓடினாள்.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“காலைல வேற எண்ணைப் போட்டுப் பார்த்தேன். பழைய விடையே வந்துச்சு. சொல்ல வந்தா ‘அப்புறம்ணே, அப்புறம்ணே’ன்னு விரட்டிட்டே.”

“அவங்க எதிர்லயே சொல்லியிருக்கலாமே! இப்படித் திட்டு வாங்கணுமா?”

“சொல்லியிருந்தா உன் வேலையே பொய்னு எழுதிட்டுப் போயிருப்பாங்க. போ, சரிபண்ணு. வியாழக்கிழமை வரைக்கும் எல்லாரும் என் காலையே திட்டிக்கிட்டு இருக்கட்டும்.”