முழங்கைப் பூட்டு

அருப்புக்கோட்டை குங்ஃபூ பள்ளியில் தங்கலட்சுமி அளவுக்கு பயிற்சிக்கு நட்டிருந்த மரப்பொம்மையை வெறியோடு அடித்தவர்கள் யாருமில்லை. பந்தல்குடியிலிருந்து மூன்று வருடமாக பஸ்ஸில் வந்து போகிறாள்.

"யாரு மேலம்மா இம்புட்டுக் கோவம்?" என்று கேட்டார் மாஸ்டர் மதன்குமார்.

"ஒருத்தன் கைய ஒடிக்கணும் மாஸ்டர்."

"வீட்டுக்காரரா?"

அவள் திரும்பி மறுபடியும் மரப்பொம்மையை அடித்தாள். மாஸ்டர் சிரித்துக்கொண்டே, எதிராளியின் கையை முறுக்கி மடக்கும் முழங்கைப் பூட்டைச் சொல்லிக்கொடுத்தார்.

கறுப்புப் பட்டைக்கான தேர்வில் மாஸ்டரோடுதான் கடைசிச் சண்டை. 'அடிபட்டால் புகார் செய்ய மாட்டேன்' என்று இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அவரே வைத்த விதி. வழக்கம்போல முதலில் போட்டார்.

இரண்டாவது நிமிடத்தில் அவருடைய வலது முழங்கை மளுக்கென்று முறிந்தது.

"விடுன்னு தரையத் தட்டினேன்ல. போலீசுக்குப் போறேன் பாரு" என்று கிடந்தபடியே கத்தினார்.

தங்கலட்சுமி பையிலிருந்து பழைய தாள் ஒன்றின் நகலை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். அதே விதி, அதே மாஸ்டர் கையெழுத்து. அதன் கீழே வீரபாண்டி என்று இன்னொன்று.

"என் தம்பியும் தரையத் தட்டினான் மாஸ்டர். நாங்க போலீசுக்குப் போனப்ப இந்தப் பேப்பரத்தான காட்டினீக. அவனுக்குச் சட்டைப் பட்டன் மாட்டிவிட நான் இருக்கேன். உங்களுக்கு யாரு இருக்காக?"