முன்வரிசைத் தூக்கம்

மாலை ஆறு நாற்பது. நூற்றுப் பத்து நாற்காலி. முன்வரிசையில், மேடைக்கு நேர் எதிரே, வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கியவர் பாப்பா.

மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் அவருடைய கணவர் கருணாகரன்.

பக்கத்து நாற்காலியில் இருந்த ருக்சானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எப்பேர்ப்பட்ட மனுஷன் பேசுகிறார்! பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனெண்ட் வேலையைத் தூக்கி எறிந்தவர். காளான் வளர்த்தார், போனது. ஃப்ளெக்ஸ் அச்சகம் போட்டார், அதுவும் போனது. அடுத்து கம்ப்யூட்டர் சென்டர், ஒரே மழையில் மூழ்கியது. நாலாவதாக ஆரம்பித்த, நிலக்கரிச் சாம்பலில் செங்கல் செய்யும் கம்பெனியில் இன்றைக்கு அறுபது பேர் வேலை பார்க்கிறார்கள்.

அந்தக் கதையைக் கேட்கத்தான் ருக்சானா மந்தாரக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி டவுன்ஷிப் மன்றத்துக்கு வந்திருந்தாள். பதினோரு வருஷமாக யாரோ ஒருவருடைய தையல் கடையில் சம்பளத்துக்குத் தைக்கிறாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடை காலியாக இருக்கிறது. வேண்டுமா, வேண்டாமா என்று நாளைக் காலைக்குள் சொல்லியாக வேண்டும். நாலு நாளாகக் கணக்குப் போட்டுப் போட்டு அழிக்கிறாள்.

"தரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குதிப்பவன் குதிப்பவனே இல்லை! நான் கண்ணை மூடிக்கொண்டு குதித்தேன்!" என்றார் கருணாகரன்.

கைதட்டல். ருக்சானாவுக்கு உடம்பு சிலிர்த்தது. பாப்பாவின் தலை அவள் தோளில் சாய்ந்தது.

"புருஷன் பேசுறாரு, இந்தம்மா என்னமோ வூட்ல பாயே இல்லாத மாதிரி..." பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

ருக்சானா மெல்ல இடித்தாள். "எழுந்துருங்கக்கா. எல்லாரும் பாத்துகினு இருக்காங்க."

பாப்பா திடுக்கிட்டு விழித்தார். "எதுல இருக்காரு? காளானா, கம்ப்யூட்டரா?"

"கம்ப்யூட்டரு."

"அப்ப இன்னும் கால் மணி நேரம் இருக்கு." மறுபடி கண்ணை மூடப் போனார்.

"இப்படி ஒரு மனுஷன் கெடைச்சும் உங்களுக்கு அருமை தெரியலியேக்கா!"

"நைட் ஷிப்ட் முடிச்சு வந்தேன் கண்ணு. வந்ததும் இவரு விருந்தாளிங்களுக்குச் சமையல்."

"நீங்களும் வேலைக்குப் போறீங்களா?"

"இருபத்தாறு வருஷமா. சுரங்கத்துல கரி போற பெல்ட் இருக்குல்ல, அது அறுந்தா ஒட்டுறது. பர்மனெண்ட்."

ருக்சானா மேடையைப் பார்த்தாள். பிறகு பாப்பாவின் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் ரப்பர் பசை கறுத்துப் படிந்திருந்தது.

கேள்வி நேரம் வந்ததும் முதல் ஆளாக எழுந்தாள்.

"சார், மூணு வாட்டி உழுந்தேன்னீங்களே, அப்பல்லாம் வூட்ட யாருங்க பாத்துகினாங்க?"

கருணாகரன் சிரித்தார். "நம்பிக்கை அம்மா, நம்பிக்கை! சந்தேகம் இருந்தால் என் துணைவியாரையே கேளுங்கள்."

மைக் பாப்பாவின் கைக்கு வந்தது.

"எனக்குப் பேசல்லாம் வராதுங்க. அவரு குதிச்சாரு, உண்மைதான். கீழ நான் நின்னுக்கிட்டிருந்தேன், அதுவும் உண்மைதான். பொண்ணு ஹரிணி போன மாசம் வேலைக்குப் போயிட்டா. எனக்கும் ஒரு ஆசை. ரைஸ் மில்லு, சர்க்கரை ஆலைன்னு சுத்துப்பட்டுல எங்க பாத்தாலும் பெல்ட் ஓடுது. அறுந்தா ஒட்ட ஆள் இல்ல. அதைச் சொந்தமா எடுத்துச் செய்யப் போறேன். நாளைக்கு வேலைய விட்டுடறேன்னு எழுதிக் குடுத்துடறேன். தூக்கத்துலயே இவரு பேச்சைப் பதினேழு தடவ கேட்டாச்சு. இன்னைக்குத்தான் தைரியம் வந்துச்சு."

மன்றத்தில் எல்லாத் தலைகளும் மேடைப் பக்கம் திரும்பின.

தன் முன்னால் மைக் இருப்பதை மறந்து கருணாகரன் கத்தினார். "பைத்தியமா உனக்கு? பர்மனெண்ட் வேலைய எவளாவது விடுவாளா? குவார்ட்டர்ஸ காலி பண்ணச் சொல்லுவாங்கடி! நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா சோத்துக்கு என்ன பண்றது?"

நூற்றுப் பத்து நாற்காலியும் குலுங்கிச் சிரித்தன. பாப்பா சிரிக்கவில்லை.

"ஏங்க, உங்க கம்பெனி நல்லாத்தானே ஓடுது? இனிமே கீழ நீங்க நில்லுங்க."

கருணாகரன் குனிந்து தன் பேச்சுக் காகிதங்களை அடுக்கினார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார். கடைசியில், "சரி" என்றார். அதுவும் மைக்கில் விழுந்தது.

ருக்சானாவுக்கு மறுபடி உடம்பு சிலிர்த்தது. இந்த முறை அவள் மேடையைப் பார்க்கவில்லை. பாப்பா மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான் செய்தார். பக்கத்தில் உட்காரவே ருக்சானாவுக்குக் கூச்சமாக இருந்தது.

பஸ் ஏறுவதற்கு முன் கணவன் ஆரிஃபுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, கடைய எடுத்துக்கப் போறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ரெண்டு வருஷம் உங்க கான்ட்ராக்ட் வேலைய வுடாம இருப்பீங்களா?"

"இருக்கேன். எதுக்குக் கேக்கற?"

"நாளப்பின்ன என்னை மேடையேத்தினா, உங்க பேர மொதல்ல சொல்லணும்ல? அதுக்குத்தான்."

இரண்டு வருஷம் கழித்து, 2025 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, அதே மன்றத்தில் பாப்பா பேசினார். அவருடைய ஆட்கள் நாலு பேர் போட்டிருந்த நீலச் சட்டை ருக்சானாவின் கடையில் தைத்தது. முந்தின ராத்திரி முழுக்க மேல்பட்டாம்பாக்கம் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் மனைவிக்குப் பெல்ட்டைப் பிடித்துக்கொடுத்த கருணாகரன், முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த ருக்சானா எழுப்பவில்லை.