காது மருந்து

குழந்தை மறுபடியும் காதைப் பிடித்து இழுத்தாள்.

"வலிக்குது போல. மருந்தை எடுடா" என்று அக்கா சொல்வதற்குள் அவன் மகளைத் தூக்கி மடியில் சாய்த்துவிட்டான். அக்கா கால்களைப் பிடித்துக்கொண்டாள். அவன் காதில் சொட்டு மருந்து விட்டான்.

குழந்தை உதைத்தாள், திமிறினாள், முகமெல்லாம் கண்ணீர். வாயிலிருந்து மட்டும் வழக்கம்போல ஒரு சொல்கூட வரவில்லை.

அடுத்த நொடி அவன் பேன்ட் சூடாக நனைந்தது.

"போச்சு. பேச்சுதான் வரல, சரி. உச்சா வருதுன்னாவது காட்டத் தெரிய வேண்டாமா இவளுக்கு?" என்றாள் அக்கா.

அவன் தரையைத் துடைத்தான். கூடத்து மூலையில் அந்தப் பச்சை நிறப் பிளாஸ்டிக் குட்டி நாற்காலி, நடுவில் ஓட்டையும் அடியில் கிண்ணமுமாக, காய்ந்து கிடந்தது. அவள் அம்மா இருந்தவரை பிள்ளை அதில்தான் சமர்த்தாகப் போய்க்கொண்டிருந்தாள். போன மாதம் அம்மா கண்ணை மூடியதும் எல்லாம் தலைகீழ்.

ஏக்கம் என்றார்கள் பக்கத்து வீட்டில். பிடிவாதம் என்றாள் அக்கா. காதில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் விளக்கடித்துப் பார்த்துச் சொன்னதை மட்டும் அவனும் அக்காவும் நம்பவில்லை; தாங்களாகவே மருந்துக்கடையில் கேட்டு வாங்கியதுதான் இந்தச் சொட்டு மருந்து. பின்னே ஏன் இழுக்கிறாளாம்?

நாளைக்கு அக்கா தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அவன் வேலைக்குப் போக வேண்டும். பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்துப் பெண்மணி கறாராகச் சொல்லிவிட்டார்: பேசாவிட்டால் பரவாயில்லை, வருகிறது என்று எப்படியாவது தெரியப்படுத்தினால் சேர்த்துக்கொள்கிறேன். இல்லையென்றால் அக்கா குழந்தையைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. மனைவியைப் பறிகொடுத்தாயிற்று. பிள்ளையையும் அனுப்பிவிட்டு இந்த வீட்டில் அவன் யார் முகத்தில் விழிப்பது?

அவன் தொழிலைக் கேட்டால் சிரிப்பீர்கள். கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறவருக்குக் கீழேயிருந்து கை காட்டுகிறவன் அவன். அந்த இரைச்சலில் வாய் எதற்கும் ஆகாது. விரலைச் சுழற்றினால் தூக்கு, உள்ளங்கையைத் தாழ்த்தினால் இறக்கு, முஷ்டியை மூடினால் நிறுத்து. அவன் கை சொன்னபடி ஒரு லாரிச் சுமை இரும்பு அந்தரத்தில் நிற்கும்.

துணியைப் பிழிந்துவிட்டு வந்தான். குழந்தை மாற்றுடையோடு மூலையில் தன் கரடி பொம்மையிடம் ஏதோ செய்துகொண்டிருந்தாள்.

கரடியை நிற்கவைத்தாள். அதன் காதைப் பிடித்து இழுத்தாள். தூக்கிப் பச்சை நாற்காலியில் உட்காரவைத்தாள். குனிந்து கிண்ணத்துக்குள் பார்த்துவிட்டுக் கைதட்டினாள்.

மறுபடி கரடியை நிற்கவைத்தாள். மறுபடி காது.

அவன் ஈரத்துணியும் கையுமாக அப்படியே நின்றான்.

அட பாவி மனுஷா! காது வலிக்கவே இல்லை. ஒரு மாதமாகப் பிள்ளை சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். சொன்னபோதெல்லாம் அவளை அமுக்கிப் பிடித்துக் காதில் மருந்தை ஊற்றியிருக்கிறார்கள்.

மனைவி சைகை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த நாள் நினைவுக்கு வந்தது. கையாலேயே பழக்கினால் வாய் எப்படித் திறக்கும் என்று தாம்தூம் என்று குதித்தவன் இவன்தான். இந்தக் கூத்தெல்லாம் என் கண்ணில் படக் கூடாது என்றான். அவளும் படாமல் பார்த்துக்கொண்டாள். 'ம்' என்பதைத் தாண்டாத பிள்ளையை அவள் 'வாயாடி' என்று கொஞ்சும்போதெல்லாம் அவனுக்குச் சுருக்கென்று தைக்கும். அவனுக்குத் தெரியாமல் இருவரும் எவ்வளவு பேசியிருக்கிறார்களோ.

குழந்தைக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தான். உள்ளே அக்கா தனக்கும் குழந்தைக்குமாகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

வெயில் சன்னலைத் தாண்டியபோது பிள்ளையின் கை காதுக்குப் போனது. போனதுதான் தாமதம், அலமாரியில் இருந்த மருந்துப் புட்டியைப் பார்த்துப் பயந்து பின்னால் நகர்ந்தாள்.

அவன் தன் காதைப் பிடித்து இழுத்தான். பச்சை நாற்காலியைக் காட்டினான்.

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் உட்கார்ந்தாள். கிண்ணத்தில் சத்தம் கேட்டது.

அக்கா ஓடிவந்தாள். "அடி என் ராசாத்தி! இனி என்னடா, நாளைக்கே காப்பகத்துல விட்டுடு. இவ உன்கூடவே இருக்கட்டும்."

அவன் அழுதுகொண்டே கைதட்டினான். குழந்தை தட்டவில்லை. அப்பாவுக்குப் புரிகிறது என்று தெரிந்துவிட்டதே. ஒரு மாதமாக யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வைத்திருந்ததை, உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

சுட்டுவிரலைத் தன் தாடையில், உதட்டுக்குச் சற்றுக் கீழே வைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"அங்கயும் வலிக்குதாடா?" என்றாள் அக்கா.

அவன் தலையாட்டி மறுத்தான். பிள்ளையின் தாடையில் ஒன்றுமே இல்லை. அவள் அம்மாவுக்குத்தான் அந்த இடத்தில் மச்சம்.

குழந்தை விரித்த கைகளை மடக்காமல் காத்திருந்தாள்.

தூக்கு என்று காட்ட அவனுக்குத் தெரியும். இறக்கு என்று காட்டத் தெரியும். வரமாட்டாள் என்பதற்கு எப்படிக் கை காட்டுவதென்று தெரியவில்லை.