பினாங்குக் கூட்டாளி

போன் அடித்ததும் பேராசிரியர் உமாசங்கர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். "பினாங்கு ஸ்காலர்" என்று துறையில் இருந்தவர்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டு, பவ்யமாக வராந்தாவுக்கு நடந்தார்.

தூணுக்கு அந்தப் பக்கம் போனதும் குரல் மாறியது.

"என்னா மச்சான், கையெழுத்து போட்டியா இல்லியா?"

ஸ்காலர் வேறு யாருமில்லை, மனைவி அன்னபூரணியின் தம்பி கார்த்திகேசன். கடலூர் முதுநகரில் பிளஸ் டூவில் கோட்டை விட்டுவிட்டு, பினாங்கு போய் மெஸ் வைத்திருப்பவன்.

உமாசங்கருக்கு வேறு வழியில்லை. அந்தக் காலத்தில் மலேயாவுக்குக் கப்பலேறிப் போன கடலூர், பரங்கிப்பேட்டைக்காரர்களின் கதைகளைத் திரட்டும் ஆய்வுக்கு வெளிநாட்டு நிதி ஒன்று இருந்தது. அயல்நாட்டு ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும் என்பது நிபந்தனை. நாற்பது பல்கலைக்கழகங்களுக்கு மெயில் போட்டுப் பார்த்தார், ஒருத்தரும் சீந்தவில்லை.

பக்கத்து அறை ஆனந்தநடராஜனோ இரண்டு தடவை ஜெர்மனி போய் வந்தவர். சிதம்பரத்துச் சித்திரை வெயிலிலும் பெர்லின் குளிரைப் பற்றித்தான் பேசுவார். உமாசங்கர் மீனம்பாக்கம் போனதெல்லாம் பிறரை வழியனுப்பத்தான். ஒரு முத்திரையும் விழாமலே அவர் பாஸ்போர்ட் பீரோவில் கிடந்து காலாவதியாகியிருந்தது. ஒரு தடவையாவது பிளேன் ஏறிவிட வேண்டும், அவருடைய ஆராய்ச்சியே அவ்வளவுதான்.

ஆகவே மெஸ், காகிதத்தில் 'ஆசிய உணவுப் பண்பாட்டு ஆய்வு மையம்' ஆனது. மச்சான் அதன் இயக்குநர் ஆனான்.

"கடைக்கு வர்ற பரங்கிப்பேட்ட பெருசுங்க கப்பல் கதையா சொல்லுவாங்க மாமா. நோட்டுல எழுதி வச்சிருக்கேன், அனுப்பவா?"

"அதெல்லாம் யாருக்கு வேணும்? நீ சீல் குத்தி அனுப்பு, போதும்."

விண்ணப்பம் முதல் சுற்றில் தேறியது. உமாசங்கர் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தார், மேல வீதியில் கோட்டுக்கு அளவு கொடுத்தார். பினாங்கில் மழை ஜாஸ்தியாமே என்று ஆனந்தநடராஜனிடம் வலியப் போய் விசாரித்தார்.

வீடியோ நேர்காணலில் தேர்வுக் குழுவினர் மூன்று பேர். உமாசங்கர் இருபது நிமிடம் கோட்பாடு பேசினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட குழுத் தலைவி, இதுவரை எத்தனை பேரை நேரில் சந்தித்தீர்கள் என்று மட்டும் கேட்டார். பரங்கிப்பேட்டை முக்கால் மணி நேரப் பஸ் தூரம். அந்தப் பஸ்ஸில் அவர் ஒரு நாளும் ஏறியதில்லை. மறுபடியும் கோட்பாட்டுக்கே போனார்.

பினாங்கிலிருந்து திரையில் சேர்ந்திருந்த கார்த்திகேசன் வாயைத் திறந்தான். தான் நடத்துவது சாப்பாட்டுக் கடை என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டான். அவன்பாட்டுக்கு, தட்டுத்தடுமாறிய இங்கிலீஷில், கப்பலில் அம்மை போட்டதால் ஊருக்குள் விடாமல் தீவில் அடைத்து வைக்கப்பட்ட ஒரு கிழவரின் கதையைச் சொன்னான். தலைவி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாம் போச்சு என்று உமாசங்கர் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. கோட்டைத் தைத்து முடித்த தையல்காரர் போன் செய்தால்கூட எடுக்கவில்லை.

பிறகு ஒரு காலையில் கார்த்திகேசன் கூப்பிட்டான். நிதி கிடைத்துவிட்டதாம். உமாசங்கருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனந்தநடராஜனுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"டிக்கெட் எப்ப மச்சான் போடறாங்க?"

தட்டுக் கழுவும் சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது.

"என்னைத்தான் தலைமை ஆய்வாளரா போட்டிருக்காங்க மாமா. உங்களுக்குப் பரங்கிப்பேட்ட போயி வர பஸ் சார்ஜ் உண்டாம்."