வயலினுக்கு அடியில்

காருக்குச் சேர்த்த பணத்தில் கோதண்டம் வாங்கிய டர்ன்டேபிள் மாடலை, பழைய பிளேயரில் கூடவே உட்கார்ந்து இசைத்தட்டு கேட்டுவந்த நண்பர் இருதயராஜே பத்திரிகை விமர்சனத்தில் கிழித்திருந்தார்: வயலினுக்கு அடியில் ஒரு மெல்லிய உறுமலாம். இசைத்தட்டு ரசிகர்களின் வாட்ஸப் குழு கொதித்து, துரோகியை நீக்கியது. ஆனால் அன்றிலிருந்து கோதண்டத்துக்கு வயலின் கேட்கவில்லை, உறுமல்தான் கேட்டது. இருதயராஜை வீட்டுக்கு இழுத்துவந்து உட்காரவைத்தார்.

“அந்த உறுமல வெச்சது நீ. நீயே எடுத்துடுய்யா.”

“கோவிச்சுக்காத கோதண்டம். எழுதறப்ப அந்த மெஷினை நான் கேட்டதே இல்ல. எல்லாரும் புகழ்ந்தாங்களேன்னு ஒரு குறை எழுதிவெச்சேன்.”

“அப்ப எனக்குக் கேக்குதே, அது என்ன? கண்ண மூடிக் கேளு.”

இருதயராஜ் கண்களை மூடினார். எப்போதும் ஆடும் தலை ஆடவில்லை. முகம் மெல்ல இருண்டது.

“கேக்குதுப்பா,” என்றார். “போதும், நிறுத்திடு.”

கோதண்டம் இன்னும் ஊசியை இறக்கியிருக்கவில்லை.