வகைப்படி அது வெறும் கல்

அன்றைக்கு நகரசபைக் கூட்டத்தில் ஓடிலைத் திட்டாத வாய் இல்லை.

பின்னே? பள்ளிக்கூட மைதானத்தையே தோண்டி அள்ளிக்கொண்டு போகச் சொல்கிறாள். அதில் கொட்டியிருப்பது எங்கள் பழைய ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கத்தின் கழிவுக் கல்தூளாம். கனடாவின் கியூபெக்கில் எங்கள் ஊர் மாதிரி ஊர்களில் அது எங்கேதான் இல்லை? வீட்டு வாசலில் இருக்கிறது, கார் நிறுத்துகிற இடத்தில் இருக்கிறது, குழந்தைகளின் மணல்தொட்டியில்கூட அதுதான். மைதானத்தைத் தோண்டினால் பள்ளியை மூடுவார்கள். பள்ளியை மூடினால் எங்கள் வீடுகளை எவன் வாங்குவான்?

"சுரங்கத்துல சம்பாதிச்சுக் கட்டின வீட்டுல உக்காந்துக்கிட்டே ஊரைக் கெடுக்கறா" என்றார் மேயர் ரெஜான், அவள் காதுபடவே.

அந்த வீட்டைக் கட்டிய அவள் அப்பா, சுரங்கத் தூசு நுரையீரலில் ஏறி மூச்சுவிட முடியாமல் திணறித் திணறிச் செத்தவர். இப்போது அவள் மகன் தினமும் அந்த மைதானத்தில்தான் விழுந்து புரண்டு வருகிறான்.

நகரசபை வரவழைத்திருந்த கனிம நிபுணர் திபோதோ எழுந்தார். மத்தியானம் முழுக்க மைதானத்தில் நடந்து பார்த்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தார். பச்சைக் கல் ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

"இது செர்ப்பன்டைன். இதே பொருள் நார் நாரா வளர்ந்தாத்தான் ஆஸ்பெஸ்டாஸ். நார்னு சொல்லணும்னா நீளம் அகலத்தைப்போல மூணு மடங்காவது இருக்கணும். மைதானத்துல இருக்கறது குட்டைத் துகள். வகைப்படி அது வெறும் கல்லு."

ஓடில் எழுந்தாள். "நுரையீரல் ஸ்கேல் வெச்சு அளந்து பாத்துட்டா சார் உள்ளே விடும்?"

யாரும் சிரிக்கவில்லை. அவளை உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். மைதானம் அப்படியே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. திபோதோவுக்கு எழுந்து நின்று கை தட்டினோம்.

கட்டடத்தின் பின்புறம்தான் எல்லோருடைய கார்களும் நின்றன. நாங்கள் வருவதைத் திபோதோ கவனிக்கவில்லை. அவர் காரில் மனைவியும் சின்ன மகளும் காத்திருந்தார்கள். குழந்தை கதவைத் திறந்துகொண்டு அவர்மேல் தாவ வந்தது.

"அப்பாவைத் தொடாதே. உள்ளே போ."

அப்படியே நின்று பூட்ஸைக் கழற்றினார். கோட்டையும் கழற்றினார். இரண்டையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டு, குப்பைத் தொட்டியில் எறிந்தார். பனி உருகிய ஏப்ரல் மாதச் சேற்றில், அந்தக் குளிரில், வெறும் சாக்ஸோடு நடந்து காரில் ஏறினார். அதே பூட்ஸோடுதான் இவ்வளவு நேரம் எங்கள் நடுவில் நின்று பேசியிருந்தார் அந்த மனுஷன்.

ஓடில் தொட்டிக்குள் கையை விட்டுப் பையை எடுத்தாள். கார் ஜன்னலைத் தட்டினாள். கண்ணாடி பாதி இறங்கியது.

"சார், பூட்ஸை மறந்துட்டீங்க. கொஞ்சம் கல்லுதான் ஒட்டியிருக்கு. பாப்பா மடியில வெக்கட்டுமா?"

கண்ணாடி மளமளவென்று மேலேறியது. கார் போய்விட்டது.

மேயர் ரெஜான் குனிந்து தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பேத்தியும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள்.